முதல் வேட்டைத் துப்பாக்கி: எதை வாங்குவது, எந்தத் தோட்டாவுக்கு வாங்குவது?

கேள்வி: வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமம் வாங்கிவிட்டேன். வரும் பருவத்தில் மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் போகலாம் என்று இருக்கிறேன். போகப்போகும் இடம் காட்டோரமும் அதையொட்டிய வெட்டவெளியும். சுடும் தூரம் பெரும்பாலும் 100 மீட்டருக்குள் இருக்கும், மிஞ்சிப் போனால் 200. கையில் பணம் அதிகம் இல்லை. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் உட்பட எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். நான் 60 கிலோ எடை. என் மனைவி என்னைவிடச் சிறிய உடல்வாகு. அவரும் உரிமம் எடுத்திருக்கிறார், இருவருக்கும் ஒரே துப்பாக்கிதான். கூட வரும் நண்பர் “.300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கான துப்பாக்கி வாங்கிவிடு, ஆயுளுக்கும் வேறு தேவைப்படாது” என்கிறார். கடையில் 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கானதைக் காட்டினார்கள். .243 போதும் என்கிறார் இன்னொருவர். தெரிந்தவர் ஒருவரிடம் பழைய .30-06 ஒன்று விலைக்கு வருகிறது. வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். எப்படி முடிவெடுப்பது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். உங்கள் இருவருக்கும் 6.5 கிரீட்மோர் சரியாக இருக்கும். அந்தத் தோட்டா உங்கள் பக்கத்துக் கடைகளில் தாராளமாகக் கிடைக்காவிட்டால் .308 வின்செஸ்டர் எடுங்கள். துப்பாக்கியைப் பொறுத்தவரை, பெயர் பெற்ற நிறுவனங்களின் மலிவு வரிசையில் எது உங்கள் மனைவியின் தோளுக்குப் பொருந்துகிறதோ அது. .300 மேக்னம் வேண்டாம்.

உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். பெரிய தோட்டா வாங்கினால் எதையும் வீழ்த்தலாம், ஆகவே அது பாதுகாப்பான தேர்வு என்று பலர் நினைக்கிறார்கள். துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதும் புதியவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பதும்தான் என் தொழில். பயிற்சித் தளத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது என்னவென்றால், தோளுக்குத் தாங்காத துப்பாக்கியை வாங்கியவர் சில வாரங்களில் அதைப் பார்த்துப் பயப்பட ஆரம்பிக்கிறார். ட்ரிகரை இழுக்கும் முன்பே கண் மூடுகிறது, தோள் முன்னால் தள்ளுகிறது, கை இறுகுகிறது. தோட்டாவிலிருந்து கிளம்பும் குண்டு எங்கேயோ போகிறது. இலக்கு காகிதமாக இருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. மானாக இருந்தால் வயிற்றிலோ காலிலோ குண்டு வாங்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். வேட்டைக்குப் போகும் எவருக்கும் முதல் கடமை இதைத் தவிர்ப்பது. உங்கள் பணம் முழுவதும் இந்த ஒரு நோக்கத்துக்காகச் செலவாக வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் எந்தத் தோட்டா பலமானது என்பதைவிட எந்தத் தோட்டாவை நீங்கள் இருவரும் பயமில்லாமல் அடிக்கடி சுடுவீர்கள் என்று கேட்கிறேன்.

உதைப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஸ்கோப்போடு சேர்த்து 3.6 கிலோ எடையுள்ள துப்பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் .243 வின்செஸ்டரைச் சுட்டால் தோளுக்கு வரும் ஆற்றல் சுமார் 13 ஜூல். 6.5 கிரீட்மோர் என்றால் சுமார் 18. .308 என்றால் 22, 23. .30-06 இன்னும் கொஞ்சம் மேலே போகும். .300 வின்செஸ்டர் மேக்னம் 40 ஜூலை ஒட்டி நிற்கும். அதாவது நண்பர் சொல்லும் தோட்டா, நான் சொல்லும் தோட்டாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உதைக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். துப்பாக்கி லேசாக லேசாக உதை கூடும். தூக்கிச் சுமக்கச் சுகமாக இருக்கிறது என்று கடையில் மிக லேசான துப்பாக்கியை எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 3.6 கிலோவில் 22 ஜூல் உதைக்கும் அதே .308, 3 கிலோ துப்பாக்கியில் 26, 27 ஜூல் உதைக்கும். மலிவு வரிசைத் துப்பாக்கிகளில் பல, ஸ்கோப் இல்லாமல் 2.8 முதல் 3 கிலோ வரைதான் இருக்கின்றன. ஆகவே உங்கள் விஷயத்தில் கொஞ்சம் கனமானதை எடுப்பது நல்லது. காட்டோரத்தில் உட்கார்ந்து காத்திருக்கப் போகிறீர்கள், மலை ஏறப் போவதில்லை. கூடுதல் அரை கிலோ உங்களுக்குப் பாரமாகாது.

சரி, உதை குறைந்தால் மானை வீழ்த்தும் பலமும் குறைந்துவிடாதா என்று கேட்பீர்கள். 6.5 கிரீட்மோரில் சுமார் 9.3 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது. அப்போது அதன் ஆற்றல் 3100 ஜூலுக்குக் கொஞ்சம் மேல். நீளமான, ஒல்லியான குண்டு என்பதால் காற்றில் வேகத்தை மெதுவாகத்தான் இழக்கும். 200 மீட்டரிலும் 2200 ஜூலுக்கு மேல் மிச்சம் இருக்கும். இந்தத் தோட்டாவை 2007இல் ஹார்னடி நிறுவனம் இலக்குப் போட்டிகளுக்காகக் கொண்டுவந்தது. வேட்டைக்காரர்கள் அப்புறம்தான் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் 6.5 மி.மீ. குண்டு வேட்டைக்குப் புதிதல்ல. ஸ்வீடனும் நார்வேயும் 1890களில் சேர்ந்து உருவாக்கிய 6.5x55 தோட்டாவும் இதே தடிமன் குண்டைத்தான் சுடுகிறது, வேகமும் ஏறக்குறைய இதேதான். அதை வைத்து அந்த நாடுகளில் நூறாண்டுக்கும் மேலாக மூஸ் வேட்டையாடுகிறார்கள். மூஸ் என்பது 400 கிலோவுக்கு மேல் வளரும் மான் இனம். நீங்கள் பார்க்கப்போகும் மான்களுக்கு இந்தக் குண்டு போதுமா என்ற கேள்விக்கே இடமில்லை.

மிருகத்தைக் கொல்வது சத்தமோ அதிர்ச்சியோ அல்ல. நுரையீரலும் இதயமும் கிழிபட்டு, இரத்த அழுத்தம் விழுந்து, மூளைக்கு இரத்தம் போகாமல் நிற்பதால்தான் அது சாகிறது. அந்தப் பகுதி ஒரு நடுத்தர மானில் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வட்டம், சிறிய மானில் 15. பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலை ஒட்டி, உடலின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அது இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் விழுந்த .243 குண்டு, வட்டத்துக்கு வெளியே விழுந்த .300 மேக்னம் குண்டைவிட எவ்வளவோ மேல்.

அப்படியானால் .243ஐயே எடுக்கலாமே என்று தோன்றும். மான் மட்டும் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். 1955இல் வந்த அருமையான தோட்டா, உதையே தெரியாது. ஆனால் நீங்கள் காட்டுப்பன்றியையும் சொல்கிறீர்கள். முதிர்ந்த ஆண் பன்றியின் தோள் பகுதியில் தோலுக்கு அடியில் கெட்டியான தடித்த கவசம் போன்ற தசைநார் இருக்கும். 6 கிராம் சொச்சம் எடையுள்ள .243 குண்டு அங்கே பட்டால், குண்டின் வகை சரியாக இல்லாவிட்டால் ஆழமாகப் போகாமல் உடைந்துவிடலாம். அனுபவசாலிகள் நல்ல குண்டைத் தேர்ந்தெடுத்து, இடம் பார்த்துச் சுட்டு .243இலும் பன்றி அடிக்கிறார்கள். முதல் பருவத்துக்குப் போகிறவருக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம் என்பது என் கருத்து.

சட்டமும் இதில் குறுக்கே வரும். பல நாடுகளில் எந்த மிருகத்துக்கு எந்த அளவுக்குக் குறையாத தோட்டா வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் சிறிய ரோ மானுக்கு 100 மீட்டரில் 1000 ஜூல் இருந்தால் போதும்; காட்டுப்பன்றி உள்ளிட்ட மற்ற குளம்பு விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மி.மீ. குண்டும் 100 மீட்டரில் 2000 ஜூலும் வேண்டும். அங்கே .243 வைத்திருப்பவர் பன்றியைத் தொட முடியாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து ஈயக் குண்டில் எந்த வேட்டையும் கூடாது, செம்பு போன்ற ஈயமில்லாத குண்டுதான். உங்கள் பகுதியின் விதிகளை, பணத்தை எடுத்து வைக்கும் முன் உரிமம் கொடுத்த அலுவலகத்திலேயே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

.308 வின்செஸ்டரை இரண்டாவதாக வைத்ததற்கு உதை மட்டுமே காரணம். மற்றபடி 1952இல் அறிமுகமான அந்தத் தோட்டாவில் குறை என்று எதையும் சொல்ல முடியாது. பெரும்பாலான துப்பாக்கிக் கடைகளில் .308 இருக்கும், பயிற்சிக்கான மலிவுத் தோட்டாவும் அதில்தான் அதிகம். அதனால் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்கு எட்டும் இரண்டு மூன்று கடைகளுக்குப் போய் அலமாரியில் எந்தத் தோட்டா எத்தனை வகையில் அடுக்கியிருக்கிறது, ஒரு பெட்டி என்ன விலை என்று பாருங்கள். துப்பாக்கியை ஒருமுறைதான் வாங்குவீர்கள், தோட்டாவை வருடா வருடம் வாங்க வேண்டும். 6.5 கிரீட்மோரின் விலை .308ஐவிட மிக அதிகமாக இருந்தாலோ, அடிக்கடி தீர்ந்துபோகிறது என்று கடைக்காரர் சொன்னாலோ, தயங்காமல் .308க்கு மாறிவிடுங்கள். அப்போது 3.3 கிலோவுக்குக் குறையாத துப்பாக்கியும், தோளில் படும் முனையில் நல்ல ரப்பர் பட்டையும், உதை குறைத்துத் தயாரிக்கும் லேசான தோட்டாக்களும் சேர்ந்து உங்கள் மனைவிக்குச் சுடுவதை எளிதாக்கும். 7எம்எம்-08 ரெமிங்டனும் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் நல்ல தோட்டா. அது பல கடைகளில் தட்டுப்பாடு என்பதால்தான் உங்களுக்குச் சொல்லவில்லை.

இனி துப்பாக்கி. போல்ட்டைக் கையால் இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் முறைதான் போல்ட் ஆக்‌ஷன். போல்ட் ஆக்‌ஷனின் அடிப்படை 1898இன் மவுசர் துப்பாக்கியிலேயே ஏறக்குறைய முழுமை அடைந்துவிட்டது. அதற்கப்புறம் மாறியது பெரும்பாலும் செய்யும் முறைதான். முன்பு குழலைத் துப்பாக்கியின் உடலோடு பொருத்தி, தோட்டா உட்காரும் ஆழத்தைச் சரிசெய்யக் கைதேர்ந்த தொழிலாளி வேண்டும். 1958இல் வந்த சேவேஜ் 110 குழலை ஒரு பெரிய நட்டு வைத்து இறுக்கியது. அளவுகோலை உள்ளே வைத்துக் குழலைத் திருகி, நட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. இன்று மலிவு வரிசையில் பல நிறுவனங்கள் இதே வழியில் போகின்றன. உடல் பகுதி உருளைக் கம்பியிலிருந்து கணினி இயந்திரத்தில் கடையப்படுகிறது, தோளில் வைக்கும் பின்கட்டை பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகிறது. விலை குறைந்ததற்குக் காரணம் இவைதான். குழலின் தரத்தில் அவ்வளவாகக் கை வைக்கவில்லை. அதனால்தான் இன்றைய மலிவுத் துப்பாக்கி, பழைய காலத்து விலை உயர்ந்த துப்பாக்கிக்கு நிகராகவே இலக்கில் அடிக்கிறது.

அப்படியானால் எங்கே சிக்கனம் பிடிக்கிறார்கள்? போல்ட்டை இழுக்கும்போது கரகரப்பு இருக்கும். சுடச் சுட அது ஓரளவு தேய்ந்து வழுவழுப்பாகும். தோட்டாக்களை அடுக்கும் மேகசின் பிளாஸ்டிக்காக இருக்கும். காட்டில் தொலைந்தால் துப்பாக்கி ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி ஆகிவிடும், ஆகவே கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள். பின்கட்டையின் முன்பகுதி வளையும். இதுதான் கவனிக்க வேண்டிய குறை. குழல் எதன்மீதும் படாமல் மிதந்தபடி இருக்க வேண்டும். மெல்லிய கட்டை வளைந்து குழலைத் தொட்டால் குண்டு விழும் இடம் மாறிவிடும். கடையில் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்து உடல்வரை இழுத்துப் பாருங்கள். அப்புறம் கட்டையைக் கையால் குழலோடு சேர்த்து அழுத்தியபடியே மறுபடி இழுத்துப் பாருங்கள். அப்போதும் வந்தால் நல்லது.

பெயர்களைக் கேட்பீர்கள், சொல்கிறேன். சேவேஜ் ஆக்ஸிஸ் மலிவிலும் மலிவு, நன்றாக அடிக்கும். அதில் சரிசெய்யக்கூடிய ட்ரிகர் உள்ள ஆக்ஸிஸ் 2 வகையைப் பாருங்கள், அடிப்படை வகையின் ட்ரிகர் கனமானது. 2012இல் வந்த ரூகர் அமெரிக்கன், இந்த விலையில் பலரும் முதலில் கைகாட்டும் துப்பாக்கி. அதன் போல்ட்டை 70 டிகிரி தூக்கினால் போதும் என்பதால் கைக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே இடம் தாராளம். எடை மட்டும் குறைவு. ஜப்பானில் தயாராகும் ஹோவா 1500 கொஞ்சம் கனம், கொஞ்சம் விலையும் கூட. ஆனால் இரும்புக் கட்டமைப்பும் ட்ரிகரும் அந்த விலைக்கு மீறிய தரம். உங்கள் இருவருக்கும் அந்தக் கனம் நன்மை என்பதால், பணம் எட்டினால் நான் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் இன்னும் ஒரு படி மேலே. போல்ட் வெண்ணெய் போல ஓடும். ஆனால் அதை வாங்கினால் ஸ்கோப்புக்கும் தோட்டாவுக்கும் பணம் மிஞ்சாது என்ற நிலை இருந்தால் வாங்காதீர்கள்.

இதில் ஒரு பங்கீட்டை வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பணத்தில் துப்பாக்கிக்குப் பாதிக்கு மேல் போகக்கூடாது. ஸ்கோப்புக்கும் அதைப் பொருத்தும் வளையங்களுக்கும் கால்பங்கு. மீதி தோட்டாவுக்கும், காது மூடிக்கும், பயிற்சித் தளக் கட்டணத்துக்கும். இரும்பு அலமாரி இந்தக் கணக்கில் சேராது. அதைத் துப்பாக்கிக்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஆறு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் பூட்டிய இரும்பு அலமாரிக்குள் துப்பாக்கி, இன்னொரு பூட்டிய பெட்டிக்குள் தோட்டா, சாவி உங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாத இடத்தில். பரண்மேல் வைத்தால் குழந்தைக்கு எட்டாது என்று எண்ண வேண்டாம். பணம் போதாவிட்டால் துப்பாக்கி வாங்குவதை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப் போடுங்கள், அலமாரியைத் தள்ளிப் போடாதீர்கள்.

பொருத்தத்துக்கு வருகிறேன். ஒரே துப்பாக்கியை இருவர் பயன்படுத்தும்போது எல்லோரும் கணவரின் அளவுக்கு வாங்கிவிடுகிறார்கள். இது தலைகீழாக இருக்க வேண்டும். கட்டை நீளமாக இருந்தால் சிறிய உடல்வாகு உள்ளவர் உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, கை எட்டாமல் சுட வேண்டி வரும். உதையும் அதிகமாகத் தெரியும். கட்டை கொஞ்சம் குட்டையாக இருந்தால் பெரியவர் சமாளித்துவிடலாம். பல மலிவுத் துப்பாக்கிகள் 34, 35 சென்டிமீட்டர் நீளக் கட்டையோடு வருகின்றன. கட்டையின் பின்முனையில் இருக்கும் அட்டைகளைக் கழற்றி நீளத்தைக் குறைக்கும் வகையும், குட்டைக் கட்டையோடு வரும் சிறிய வகையும் கிடைக்கின்றன. கடைக்கு இருவரும் சேர்ந்து போங்கள். துப்பாக்கி காலி என்று போல்ட்டைத் திறந்து கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்ட பின், மனைவி கண்ணை மூடியபடி தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் பதித்து, அப்புறம் கண்ணைத் திறக்கட்டும். தலையை அசைக்காமலே ஸ்கோப்பின் முழு வட்டமும் தெரிந்தால் அது அவருக்குப் பொருந்துகிறது. போகும் முன் இருவருக்கும் எந்தக் கண் ஆதிக்கக் கண், அதாவது குறிபார்க்கும்போது தானாக முன்னிற்கும் கண், என்றும் பார்த்துவிடுங்கள். ஒருவருக்கு இடது கண் என்றால் இடது தோளில் சுடப் பழகுவதே நல்லது. இடது கைக்கான போல்ட் உள்ள துப்பாக்கிகளும் இருக்கின்றன. இருவரில் ஒருவருக்குத்தான் இடது என்றால் சாதாரண வலதுகைத் துப்பாக்கியே போதும்.

ஸ்கோப்பில் 3 முதல் 9 மடங்கு வரை பெருக்கும், 40 மி.மீ. முன்கண்ணாடி உள்ளதை எடுங்கள். அதற்கு மேல் உங்கள் தூரத்துக்குத் தேவையில்லை. மான்கள் விடியலிலும் அந்தியிலும்தான் வெளியே வரும். அப்போது கண்ணின் பாவை 5 முதல் 7 மி.மீ. வரை விரிந்திருக்கும். 40ஐ 6 மடங்கால் வகுத்தால் 6.7 மி.மீ.; அதாவது 6 மடங்கில் வைத்தால் உங்கள் கண் ஏற்கக்கூடிய வெளிச்சம் ஏறக்குறைய முழுவதும் வந்துவிடும். 9 மடங்கில் வைத்தால் 4.4 மி.மீ. தான், காட்சி இருண்டுவிடும். பெரிய எண்ணைத் தேடிப் போகிறவர்கள் அந்தி வேளையில் ஏமாந்து போவது இதனால்தான். துப்பாக்கியோடு சேர்த்தே விற்கும் ஸ்கோப்புகள் பெரும்பாலும் சுமார் ரகம்; முடிந்தால் தனியாக வாங்குங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 சென்டிமீட்டர் இடைவெளி கொடுக்கும் ஸ்கோப்பாக இருக்கட்டும், இல்லையென்றால் புருவத்தில் வெட்டு விழும். வளையத் திருகுகளை அளவு காட்டும் திருப்புளியால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்க வேண்டும். “குண்டு அங்கங்கே போகிறது, குழல் கெட்டுவிட்டது” என்று என்னிடம் வரும் துப்பாக்கிகளில் முதலில் நான் தொட்டுப் பார்ப்பது இந்தத் திருகுகளைத்தான். பின் கண்ணாடியின் தெளிவு உங்கள் இருவருக்கும் வேறு வேறாக இருக்கும். அந்தக் கண்ணாடியைத் திருப்பும் வளையத்தின்மேல் சின்ன ஒட்டுப்பட்டையில் இருவருக்கும் ஒவ்வொரு கோடு போட்டுவிட்டால், மாற்றி மாற்றிச் சுடும்போது ஒரு நொடியில் திருப்பிக்கொள்ளலாம்.

பழைய .30-06ஐ நான் ஒதுக்கிவிடவில்லை. 1906இலிருந்து இருக்கும் தோட்டா, அதற்கு மிஞ்சிய பொது உபயோகத் தோட்டா இல்லை என்று சொல்லும் வேட்டைக்காரர்கள் இன்றும் உண்டு. நீங்கள் மட்டும் சுடுவதாக இருந்தால், விலை நன்றாக இருந்தால், யோசிக்கலாம். மனைவியும் சுட வேண்டும் என்பதால்தான் தள்ளி வைக்கச் சொல்கிறேன். பழையதை எப்போது வாங்கினாலும் குழலின் வாய் விளிம்பில் அடிபட்ட தடம் இருக்கிறதா, உள்ளே துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கிறதா, கட்டையில் போல்ட்டுக்குப் பின்னால் விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தோட்டா உட்காரும் ஆழத்தைத் துப்பாக்கி மெக்கானிக் அளவுகோல் வைத்து சோதித்த பிறகே பணம் கொடுங்கள். பாதுகாப்புப் பூட்டைப் போட்டு ட்ரிகரை அழுத்தி, விட்டு, பூட்டை எடுக்கும்போது தோட்டாவைத் தட்டும் ஊசி தானாக விழுந்தால் அந்தத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தொடர் எண்ணைக் குறித்து வந்து, தயாரிப்பாளர் அந்த வகையைத் திரும்பப் பெற்றிருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள்.

குண்டின் வகையைப் பற்றிச் சுருக்கமாக. முழுவதும் உலோக உறை போட்ட பயிற்சிக் குண்டை மிருகத்தின் மீது சுடக்கூடாது. அது விரியாமல் ஊசிபோலத் துளைத்துப் போய்விடும், பல இடங்களில் சட்ட விரோதமும்கூட. மானுக்குச் சாதாரண மென்முனைக் குண்டு போதும். பன்றியும் சேர்ந்தால் உறையும் ஈயமும் பிரியாமல் இணைத்த குண்டோ முழுச் செம்புக் குண்டோ எடுங்கள். குழலில் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் தோட்டா உள்ளே நுழைந்துவிட்டாலும் துப்பாக்கி வெடித்து முகத்தில் அடிக்கலாம்.

வாங்கிய பிறகு இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களில் ஒவ்வொரு பெட்டி எடுத்து, 100 மீட்டரில் மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். குழல் மெல்லியது, மூன்று குண்டுக்குப் பிறகு ஆற விடுங்கள். விளம்பரங்கள் ஒரு எம்ஓஏ, அதாவது 100 மீட்டரில் சுமார் 2.9 சென்டிமீட்டருக்குள் மூன்று குண்டும் விழும் என்று உறுதி சொல்லும். அதைத் துரத்த வேண்டாம். 4, 5 சென்டிமீட்டருக்குள் விழுந்தால் 200 மீட்டரில் 10 சென்டிமீட்டர், மானின் உயிர்ப்பகுதியில் பாதி. எது நன்றாக விழுகிறதோ அந்தத் தோட்டாவையே நிறைய வாங்கிவிடுங்கள். 100 மீட்டரில் குறிக்கு 4 சென்டிமீட்டர் மேலே விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், 6.5 கிரீட்மோரிலும் .308இலும் 200 மீட்டரில் குறிக்குச் சில சென்டிமீட்டர்தான் கீழே விழும். அதாவது உங்கள் தூரம் முழுவதற்கும் மேலே கீழே என்று கணக்குப் போடாமல் நெஞ்சின் நடுவைக் குறிவைக்கலாம்.

காது மூடி இல்லாமல் ஒரு குண்டுகூடச் சுட வேண்டாம், காட்டிலும்தான். 140 டெசிபலுக்கு மேல் ஒரே ஒரு வெடிச்சத்தம்கூடக் காதை நிரந்தரமாகக் கெடுக்கலாம். இந்தத் துப்பாக்கிகள் 160ஐ ஒட்டிப் போகின்றன. மெல்லிய சத்தத்தைப் பெருக்கி, வெடிச்சத்தத்தை அடைக்கும் மின்னணு மூடிகள் இப்போது எல்லா விலையிலும் கிடைக்கின்றன. உங்கள் பகுதியில் சத்தம் குறைக்கும் குழாய்க்குச் சட்ட அனுமதி இருந்தால், வாயில் திருகு வெட்டிய குழலாகவே வாங்குங்கள். பின்னால் அதைப் பொருத்தினால் சத்தமும் குறையும், உதையும் குறையும். குழலின் வாயில் மாட்டும் பிரேக் என்ற துளைக் குழாய் உதையைக் குறைத்தாலும் பக்கத்தில் இருப்பவரின் காதைப் பிளக்கும். அது வேண்டாம்.

மேசையில் சாய்த்துச் சுடுவதோடு நின்றுவிடாதீர்கள். ஸ்கோப் சரியான பிறகு உட்கார்ந்து, மண்டியிட்டு, கோல் தாங்கலில் வைத்துச் சுட்டுப் பழகுங்கள். 15 சென்டிமீட்டர் வட்டத் தட்டில், காட்டில் எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து, சுட்ட ஐந்தில் ஐந்தும் விழும் தூரம் எதுவோ அதுதான் அந்தப் பருவத்துக்கு உங்கள் எல்லை. உங்களுக்கு 150 மீட்டரும் மனைவிக்கு 100 மீட்டரும் வரலாம், அல்லது மாறியும் வரலாம். புதிதாகச் சுடக் கற்கும் பெண்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, ஆண்களைவிடச் சீக்கிரம் தேறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இருவரும் தனித்தனியாக உங்கள் எல்லையை முடிவு செய்துகொள்ளுங்கள். மிருகத்துக்குப் பின்னால் மண்மேடோ சரிவோ இல்லாமல் வானம் தெரிந்தால் எந்தத் தூரத்திலும் சுடக்கூடாது. தவறிய குண்டு சில கிலோமீட்டர் போகும்.

தோட்டா விலை தடுத்தால் வீட்டில் போலித் தோட்டா போட்டு ட்ரிகர் இழுத்துப் பழகலாம். உண்மைத் தோட்டா அந்த அறைக்குள்ளேயே இருக்கக்கூடாது, குழந்தை தூங்கிய பிறகு மட்டும். ட்ரிகர் விழும்போது ஸ்கோப்பின் குறுக்குக் கோடு துள்ளாமல் நிற்கிறதா என்று பாருங்கள். சின்னத் தோட்டா சுடும் .22 ரிம்ஃபயர் துப்பாக்கி ஒன்று இரவல் கிடைக்குமானால் அதைவிட மலிவான ஆசிரியர் கிடையாது.

பருவம் திறப்பதற்கு முந்திய வாரம் மறுபடி ஒருமுறை தளத்துக்குப் போங்கள். வண்டியில் குலுங்கி, அலமாரியில் கிடந்து ஸ்கோப் நகர்ந்திருக்கலாம். குழல் குளிர்ந்திருக்கும்போது சுடும் முதல் குண்டு எங்கே விழுகிறது என்று குறித்து வையுங்கள். காட்டில் பெரும்பாலும் அந்த ஒரு குண்டுதான் கிடைக்கும். அன்றைக்கு மனைவி முதலில் சுடட்டும், குழல் ஆறியதும் நீங்கள். இருவருடைய முதல் குண்டும் தட்டுக்குள் விழுந்தால் கிளம்பலாம்.